லேப்டாப்பில் ஒட்டியிருந்த கிளிப்

நான் லேப்டாப்புக்குச் சட்டை தைப்பவள். உள்ளே இருக்கும் சமாசாரங்களையெல்லாம் வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். வெளியே தெரியும் அலுமினிய உடல் என் பொறுப்பு. அரை மில்லிமீட்டர் எங்கே கிடைத்தாலும் சீவி எடுத்துவிடுவேன் என்பதால் அலுவலகத்தில் எனக்கு இழைப்புளி என்று பெயர். என் காதில் விழாதபடிதான் சொல்லிக்கொள்வார்கள். விழும். எனக்கு அது உள்ளூரப் பெருமைதான்.

எனக்கு எதிர்க்கட்சி, சர்க்யூட் போர்டு வரைபவர். அவருக்கு ஓட்டைக்காரர் என்று பெயர். லேப்டாப்பின் பக்கவாட்டில் எத்தனை ஓட்டை வைத்தாலும் அவருக்குப் போதாது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். என்ன சண்டை நடந்தாலும் குரலை உயர்த்த மாட்டார், அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். கூட்டத்துக்கு வரும்போது பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கையோடு கொண்டுவருவார். உலகத்தில் உள்ள பிளக்கெல்லாம் அதற்குள் கிடக்கும். லேப்டாப்பின் பக்கவாட்டை அட்டையில் வெட்டி, ஓட்டை போட்டு, டின்னிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொருகிக் காட்டுவார்.

"இது வீட்டு பிரிண்டர். இது ஆடிட்டர் கையெழுத்துக்கு வச்சிருக்கற யூஎஸ்பி சாவி. இது ஆஸ்பத்திரி மெஷின். இதையெல்லாம் எங்கம்மா சொருகுவாங்க?"

"அதுக்குத்தான் அடாப்டர் இருக்கே சார். விரல் நீளம். பைல போட்டுக்கிட்டா முடிஞ்சுது."

"பைல போட்டது எப்பவும் இன்னொரு பைலதான் இருக்கும்."

"யாரோ நாலு பேர் பிரிண்டர்ல சொருகணும்னு எல்லாரும் தடியா ஒண்ணைத் தூக்கிட்டுத் திரியணுமா?"

"மெல்லிசா இருக்குன்னு வாங்குவாங்க, சரி. வாங்கின பிறகு அதுல வேலையும் பார்க்கணும் இல்லையா?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே சண்டையில் நான் ஜெயித்தேன். பெரிய யூஎஸ்பி ஓட்டைகள் இரண்டும் போயின. ஒல்லியான ஓட்டை இரண்டு மட்டும் மிஞ்சின. தடிமன் பதினாலே முக்கால் மில்லிமீட்டர். அடியில் ஒட்டும் ரப்பர் காலைச் சேர்க்காமல்தான் நாங்கள் தடிமனை அளப்போம். எங்கள் தொழிலில் எல்லோரும் கூசாமல் செய்யும் சின்ன அயோக்கியத்தனம் அது. அந்த மாடலில் ஒன்றை வாங்கி என் அக்காவுக்குக் கொடுத்தேன். அக்கா அதைக் கையில் வாங்கி, "அடிப்பாவி, இதுக்குள்ள ஏதாவது இருக்கா?" என்று கேட்டதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது புது மாடல். என் வரைபடத்தில் பதிமூன்றே முக்கால். ஓட்டைக்காரர் பெரிய ஓட்டை இரண்டையும் திரும்பக் கேட்டார். வைத்தால் பதினைந்தரைக்குப் போகும். வெள்ளிக்கிழமை வரைபடம் அச்சு வெட்டப் போகிறது. இரும்பில் வெட்டிவிட்டால் பிறகு கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. மேலதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் களைத்துப்போய், "கையெழுத்துப் போடப்போறது நீ. நீயே முடிவு பண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டார். என் முடிவு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஓட்டைக்காரர்கூட டின்னை மூடிவிட்டார்.

அந்த வாரம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அக்கா கைக்குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பவள். ஒரு சுகாதார நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெட்டியும் லேப்டாப்புமாக அலையும் வேலை. வியாழக்கிழமை தள்ளிப்போட முடியாத ஒரு சோதனை இருக்கிறது, பையைத் தூக்க ஒரு ஆள் வேண்டும் என்றாள். நான் லீவு போட்டேன்.

முதல் நாள் மாலையே அவள் வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்து வைத்தேன். லேப்டாப்பைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. மூடியெல்லாம் விரல்ரேகை. அதுகூடப் பரவாயில்லை, இடது பக்கத்தில் கட்டைவிரல் தண்டிக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் துண்டை யாரோ ஒட்டி வைத்திருந்தார்கள். மூன்று மாதம் தூங்காமல் நான் வளைத்த ஓரம் அது. அக்கா சமையலறையில் இருந்தாள். நான் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினேன். பிளாஸ்டிக் இரண்டாக உடைந்து வந்தது. பசையைச் சுரண்டி, லேப்டாப்பை அணைக்காமலேயே துணியால் விசைகளையும் மூடியையும் பளபளவென்று துடைத்து, துண்டுகளைக் குப்பைக்கூடையில் போட்டேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு காபி குடித்தேன்.

மறுநாள் சுகாதார நிலையத்தின் கடைசி அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலுக்குக் கனத்த திரை. அக்கா முதலில் மூலையில் இரைந்துகொண்டிருந்த காலி ஃப்ரிட்ஜை அணைத்தாள், பிறகு சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னாள். நாற்காலியில் ஒரு பெண், மடியில் மூன்று மாதக் குழந்தை. பிறந்தபோது செய்த சோதனையில் சரியாகத் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்களாம். அன்றிலிருந்து அந்தப் பெண் வீட்டில் கரண்டியைக் கீழே போடுவதும் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதுமாக இருக்கிறாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். இன்று முடியாவிட்டால் அடுத்த முறை ஒன்றரை மாதம் கழித்துத்தான்.

"ஒன்றரை மாசம்னா இந்த வயசுல ரொம்ப அதிகம்" என்று அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "குறை இருந்தா இப்பவே பிடிக்கணும்."

சோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்னச் சின்ன ஒட்டுகள், அவற்றிலிருந்து ஒயர்கள் நாற்காலி ஓரம் தொங்கும் ஒரு பெட்டிக்கு, பெட்டியிலிருந்து தடித்த ஒயர் ஒன்று கட்டில்மேல் இருந்த லேப்டாப்புக்கு. அந்த ஒயரின் முனை பெரிய யூஎஸ்பி. அதை அடாப்டரில் சொருகி, அடாப்டரை லேப்டாப்பில் சொருகினேன். அக்கா குனிந்து பார்த்தாள்.

"அடாப்டரைப் பிடிச்சுக்க இங்க ஒரு கிளிப் இருந்துதே?"

"அந்தக் கறுப்பு அசிங்கமா? நேத்து எடுத்துட்டேன்."

"எங்க?"

"குப்பைல போட்டேன்க்கா. உடைஞ்சுபோச்சு."

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி. ஆடாம இருந்தாப் போதும்" என்றாள்.

குழந்தை தூங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பால் கொடுத்து, தட்டி, தோளில் போட்டு, மறுபடி மடியில் போட்டு அந்தப் பெண் அரை உயிராகிவிட்டாள். காதில் வைக்கும் சின்னக் குழாய் வழியாகப் பெட்டி டிக் டிக்கென்று ஒலி அனுப்பும், காதுக்குக் கேட்டால் திரையில் அலை எழும். வலது காதில் ஆரம்பித்தோம். திரையில் கோணல்மாணலாக ஒரு கோடு. கொஞ்சம் கொஞ்சமாக அது ஒழுங்காகி அலையாக எழுந்தது. அக்கா இடது கையால் கட்டைவிரலை உயர்த்தினாள். வலது காது நன்றாகக் கேட்கிறது. அந்தப் பெண் மூச்சுவிட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

இடது காது பாதி வரை போயிருக்கும். பெட்டியின் கனத்தில் ஒயர் ஒரு நூல் அளவு இறங்கியது. அடாப்டர் லேசாகச் சாய்ந்தது. திரை வெளுத்தது. லேப்டாப், ஏதோ கழன்றுவிட்டதென்று சொல்லும் அந்த மணியை டொய்ங் என்று அடித்தது. அக்கா எப்போதும் லேப்டாப்பின் ஒலியை அணைத்துத்தான் வைத்திருப்பாளாம். நான் துடைத்த துடைப்பில் அந்த விசையும் அழுந்தியிருக்கிறது.

குழந்தை விழித்துக்கொண்டு வீரிட்டது.

"சத்தத்துக்குத்தானே முழிச்சுது?" என்று அந்தப் பெண் ஆசையாகக் கேட்டாள். "அப்போ கேக்குதுதானே? வலது காதும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டீங்க. போதுமே, நாங்க கிளம்பட்டுமா?"

"வலது காதாலயே கேட்டு முழிச்சிருக்கலாம்மா. இடது காதைப் பத்தி எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியல. தெரியாம உங்களை அனுப்ப மாட்டேன்" என்றாள் அக்கா.

மறுபடி முதலிலிருந்து. மறுபடி பால், மறுபடி தட்டல். பெட்டியை உயர்த்தி வைத்துப் பார்த்தேன், ஒட்டுகளின் ஒயர்கள் எட்டவில்லை. மருத்துவப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிப் பார்த்தேன். நான் பார்த்துப் பார்த்து வழுவழுப்பாக்கிய ஓரத்தில் அது ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. குழந்தைக்குக் கண் சொருகியது. அக்காவின் ஒரு கை மாவுக்கட்டில், இன்னொரு கை விசைகளில். வேறு வழியில்லை. நான் தரையில் மண்டியிட்டு, அடாப்டரையும் லேப்டாப்பையும் சேர்த்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கவ்விக்கொண்டேன்.

நாற்பது நிமிடம். முதல் பத்து நிமிடத்தில் முழங்கால் வலித்தது. பிறகு விரல் மரத்துப்போனது. மூக்கு அரித்தது, சொறிந்தால் ஆடும். இருமல் வந்தது, விழுங்கினேன். என் மூக்குக்கு நேரே நான் செதுக்கிய ஓரம். அதன் மெல்லிய வளைவை இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு நேரம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அழகாகத்தான் இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

இடது காதின் அலை எழவில்லை. அக்கா காதுக்குள் போகும் ஒலியைக் கூட்டினாள். மறுபடி கூட்டினாள். அப்புறம்தான் சின்னதாக ஒன்று எழுந்தது. அதை மூன்று தடவை சரிபார்த்துவிட்டு, "விடு" என்றாள் என்னிடம். விரல்களைப் பிரிக்க எனக்கு இடது கையின் உதவி தேவைப்பட்டது.

"இடது காதுல கொஞ்சம் குறை இருக்கு. சத்தமாப் பேசினாத்தான் கேக்கும். ஆனா மூணு மாசத்துலயே கண்டுபிடிச்சிட்டோம். இப்பவே மெஷின் வச்சிட்டா மத்த பிள்ளைங்க மாதிரியே பேசும்" என்று அக்கா சொன்னாள்.

அந்தப் பெண் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெரிஞ்சுதே. கரண்டியைப் போட்டுப் போட்டுப் பைத்தியம் பிடிச்சிருக்கும் எனக்கு" என்றாள். கிளம்பும்போது என் பக்கம் திரும்பி, மரத்துப்போன என் கையைப் பிடித்தாள். "ஒயரைப் பிடிச்சுக்கிட்டு அவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்களே அக்கா. உங்களுக்குத்தான் நான் நன்றி சொல்லணும்." தலையை மட்டும் ஆட்டினேன்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அக்காவிடம் கேட்டேன். "அந்த கிளிப் யார் பண்ணது?"

"உங்க ஆபீஸ்ல டின்னோட சுத்துவாரே ஒருத்தர், அவர்தான். போன வருஷம் இந்தத் தொல்லை தாங்காம உன்னைப் பார்த்து ஏதாவது வழி கேக்கலாம்னு வந்தேன். நீ ஊர்ல இல்ல. அவர் கேட்டுக்கிட்டு, அளவெடுத்து, நாலு தடவை மாத்தி மாத்திப் பண்ணிக் கொடுத்தார். உன்கிட்ட சொல்ல வேணாம்னார்."

"நீயாவது சொல்லியிருக்கலாமே?"

"எதுக்கு? அதான் சரியாயிடுச்சே. நீ கொடுத்தது வந்த பிறகுதான்டி என் தோள்வலி போச்சு. பழசு செங்கல் கனம். தினமும் பையைத் தூக்கும்போது உன்னை நினைச்சுப்பேன். அதுல போய் ஒரு ஓட்டை இல்லன்னு குறை சொல்வேனா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் அக்கா அப்படித்தான்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான் உடைந்த கிளிப்பின் இரண்டு துண்டுகளையும் மேசைமேல் வைத்தேன். அக்கா வீட்டுக் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கியவை. ஓட்டைக்காரர் அதைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தார்.

"சொல்லிட்டாங்களா?"

"ஏன் சார் என்கிட்ட மறைச்சீங்க?"

"நீங்க உயிரைக் கொடுத்துப் பண்ண பொருள். அதுமேல இப்படி ஒண்ணை ஒட்டியிருக்கோம்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

நான் என் வரைபடத்தை எடுத்து, பதிமூன்றே முக்காலை அடித்துவிட்டுப் பதினைந்தரை என்று எழுதினேன். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். அப்புறம்தான் எனக்கு அக்காவின் தோள் ஞாபகம் வந்தது.

"ஆனா கனம் ஒரு கிராம்கூட ஏறக் கூடாது" என்றேன். "தூக்கறவங்களுக்கு மில்லிமீட்டர் தெரியாது. கனம்தான் தெரியும்."

ஓட்டைக்காரர் யோசித்தார். "என் போர்டுல கால்வாசியைக் குறைச்சுத் தரேன். வருஷக்கணக்கா முடியாது முடியாதுன்னு சொல்லிட்டிருந்தேன். முடியும்" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

நாலு மாதம் கழித்து அச்சிலிருந்து முதல் மாதிரி வந்தது. அவர் அதை நேராக என் மேசைக்கு எடுத்து வந்தார். டின்னைத் திறந்து, ஆஸ்பத்திரி மெஷினின் தடித்த ஒயரை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் சொருகினேன். டக்கென்று உட்கார்ந்தது. ஒயரின் மறுமுனை மேசை விளிம்பிலிருந்து கனமாகத் தொங்கியது. அப்போதுதான் கவனித்தேன், என் இரண்டு விரல்களும் பிளக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தன.

"கையை எடுங்கம்மா" என்றார் அவர். "அது தானா நிக்கும்."

எடுத்தேன். நின்றது. நான் அவருக்கு நன்றி சொன்னேன், அந்த கிளிப்புக்கும் சேர்த்து.