தெரு நல்லா வந்துடுச்சு

என் புருஷன் பூட்டுக்காரர். ஊர்ல இருக்கிற கதவையெல்லாம் திறப்பாரு, வாயை மட்டும் திறக்கமாட்டாரு. அவருக்கும் சேர்த்து நான்தான் பேசணும், என்ன பண்றது!

அவர்கிட்ட ஒரு பழக்கம். புதுப் பூட்டு மாட்டினதும் சாவியை அந்த வீட்டு அம்மா கையில கொடுத்து, "பூட்டித் திறந்து பாருங்க"ம்பாரு. அவங்க திறந்தப்புறம்தான் தன்னோட பையை மூடுவாரு.

முன்னெல்லாம் எங்க தெருவுக்குள்ள வெளியாள் ஒருத்தன் வரமாட்டான். மனு மேல மனு கொடுத்து, ஆபீஸ் வாசல்ல சண்டை போட்டு விளக்கு வாங்கினது நான். சாக்கடையை மூட வச்சதும் நான்தான். அப்புறம் தெருமுனையில ரயில் ஸ்டேஷன் வந்துச்சு, பின்னாடியே கம்பெனிங்க வந்துச்சு. மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனவங்களுக்கெல்லாம் இப்போ இங்கதான் வீடு வேணுமாம். வாடகை எகிறிடுச்சு. சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதுன்னா இதுதான்!

பேக்கரி அக்கா காலி பண்ணாங்க. எதிர்வீட்டு டெய்லர் காலி பண்ணாரு. ஒவ்வொரு வீட்டுக்கும் புது ஆளு, புதுப் பூட்டு. இவருக்கு வேலை குவிஞ்சுது.

"பார்த்தியா, தெரு நல்லா வந்தா நமக்கும் நல்லதுதானே"ன்னாரு.

அடுத்து யாரு வீட்டுப் பூட்டோன்னு நான் எண்ணிக்கிட்டிருந்தேன்.

போன மாசம் எங்க வாடகை வீட்டு ஓனரோட பையன் வந்தான். எங்க படியில விளையாடி வளர்ந்தவன்தான். "அக்கா, கட்டடத்தை வித்துட்டேன். வாங்கினவங்க எல்லாத்தையும் புதுசாக்கி வாடகைக்கு விடப்போறாங்க. காலி பண்ணிடுங்க"ன்னான். கத்தினேன், அழுதேன். "இந்த விலை திரும்ப வருமாக்கா, நீங்களே சொல்லுங்க"ன்னான். 

எங்க கைக்கு எட்டினது, ரெண்டு பஸ் மாறிப் போற இடத்துல ஒத்தை ரூம்.

இன்னிக்குக் காலையில சாமானெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு. ஓனர் பையன் புதுப் பூட்டோட வந்து நிக்கிறான்.

"அண்ணே, வாங்கினவங்க கேக்குறாங்க. போறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் மாட்டிடுங்களேன்."

"தொட்டீங்க, கையை ஒடிச்சுடுவேன்!"னு இவரைப் பார்த்துக் குதிச்சேன்.

அதுக்குள்ள பையைத் திறந்துட்டாரு, மனுஷன். பழைய பூட்டைக் கழட்டி, புதுசை ஒரு ஆட்டம் அசைவு இல்லாம மாட்டினாரு. யாரோ வீட்டு வேலை மாதிரி அவ்வளவு சுத்தமா செஞ்சாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

முடிச்சு எழுந்தவரு, பழக்க தோஷம், சாவியை என்கிட்ட நீட்டினாரு.

"பூட்டித் திறந்து பாரு."

நானும் கையை நீட்டிட்டேன்.

"இங்க கொடுங்கண்ணே"ன்னு ஓனர் பையன் நடுவுல வாங்கிக்கிட்டான்.

இவர் பையை மூடாமலே படி இறங்கினாரு.