நாமா, நாங்களா

1

ஒட்டுக்கேட்டதில் பிறந்த கதை இது. அமெரிக்காவில், டுலூத்தில் எங்கள் தெருமுனைச் சலவை நிலையத்தில் இரண்டு பெண்கள் ஒரு போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டில் மில்வாக்கிக்குக் குடிபோகிறோம் என்றாள் ஒருத்தி. மற்றவளுக்கு முகமெல்லாம் பல். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

சொன்னவளுக்கு நோயல் என்று பெயர் வைத்தேன். சிரித்தவள் பிரிட்டா. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்து, இருபத்து மூன்று வயதிலும் ஒரே வீட்டில் குடியிருக்கிற தோழிகள்.

2

முதல் வரி எழுதினேன்:

"ஆகஸ்ட்ல நாங்க மில்வாக்கி போறோம்டி."

அடித்துவிட்டேன்.

"ஆகஸ்ட்ல நாம மில்வாக்கி போறோம்டி."

இதையும் அடித்தேன்.

நோயல் பேசிய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அவள் நினைத்தது தன்னையும் தன் காதலன் வெண்டலையும். பிரிட்டாவோ தன்னையும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். தமிழ் பொல்லாத மொழி. வாயைத் திறந்ததுமே யார் உள்ளே, யார் வெளியே என்று போட்டு உடைத்துவிடும்.*

விவரம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் ஊரில் குடைந்து கேட்பது மரியாதையில்லை. பிரிட்டா "சரி" என்றாள். மறுநாளே பேக்கரிக்குப் போய் வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அந்த வேலை அவளுக்கு உயிர்.

(* நோயல் தமிழச்சியாக இருந்திருந்தால் கதையே இல்லை. எனக்கும் ஒரு பிற்பகல் மிச்சம்.)

3

முதல் வரைவில் வெண்டல் வில்லன். பிரிட்டாவை எப்படியாவது கழற்றிவிட அவன் போட்ட திட்டம் என்னவென்றால்...

[முடிக்க மனம் வரவில்லை. பனிக்காலத்தில் நோயலின் காரோடு பிரிட்டாவின் காருக்கும் சேர்த்துப் பனி சுரண்டுகிற பையன் அவன்.]

ஆகவே நல்ல பையனாகவே ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட வந்து, செல்போனை நீட்டினான்.

"வீடு கெடைச்சிருச்சு. ஒரு பெட்ரூம்தான். ஆனா ஜன்னலைத் தொறந்தா ஏரி."

"அப்ப நான் எங்க படுக்குறது, பாத்ரூம்லயா?" என்று சிரித்தாள் பிரிட்டா.

வேறு யாரும் சிரிக்கவில்லை. வெண்டல் நோயலைப் பார்த்தான்.

"நீ... வர்றியா?" என்றாள் நோயல்.

"நீதானடி சொன்ன."

"நான் என்னையும் வெண்டலையும்ல சொன்னேன்."

"பேக்கரியில சொல்லிட்டு வந்துட்டேனே."

"பைத்தியமே. அந்த வேலைக்காக எவ்வளவு அலைஞ்ச நீ."

4

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் தோன்றின. ஒன்றில் பிரிட்டா கூடவே போய் அவர்கள் வீட்டு சோபாவில் படுக்கிறாள். நான் அவளை அப்படி விடமாட்டேன். இன்னொன்றில் பெரிய சண்டை. எழுதிப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் கத்தவே வரவில்லை.

உண்மையில் பிரிட்டாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. என்ன பிடிக்கும் என்று யார் கேட்டாலும் "எங்களுக்கு ஆலிவ் பிடிக்காது", "எங்களுக்குத் திகில் படம் ஆகாது" என்றே சொல்லிப் பழகியவள். ஆலிவ் பிடிக்காதது நோயலுக்குத்தான். தனக்குப் பிடிக்குமா என்பது பிரிட்டாவுக்கே தெரியாது.

"நீயும் வாடி," என்றாள் நோயல், கண் கலங்கி. "ரெண்டு பெட்ரூமா பாப்போம்."

"ஆமா, பாத்துரலாம்," என்றான் வெண்டல். மனசாரத்தான் சொன்னான், பாவம்.

போனால் தோழி மிஞ்சுவாள். போகாவிட்டால், கெஞ்சிக் கேட்டால் பேக்கரி மிஞ்சலாம். ஆனால் வீட்டில் இனி அவள் ஒருத்திதான் இருப்பாள். இருவரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"நான் மில்வாக்கிக்கு..."

ஆங்கிலத்தில் என்றால் போவதா இல்லையா என்பதை ஊர்ப்பெயருக்கு முன்பே சொல்லித் தொலைக்க வேண்டும். தமிழில் வினை கடைசியில்தான் வரும். அந்த அவகாசத்தை அவளுக்குத் தருகிறேன், அவசரப்படுத்த மாட்டேன். உங்களுக்கு அவசரமென்றால் வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். 'நான்' என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ரொம்பக் கஷ்டப்பட்டு அந்தச் சொல்லுக்கு வந்திருக்கிறாள்.