பதினாறாவது துளை

ஒருரோ என்ற மலைநகரில் ஷேர் டாக்சி ஓட்டும் வில்மாவின் கார், ஒரு வாரமாக மேடு ஏறும்போதெல்லாம் திக்கித் திணறியது. எஞ்சின் விளக்கும் அணையவில்லை. அக்காள் கணவன் நிக்கானோரின் பட்டறைக்குக் கொண்டுபோனாள்.

அவன் ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்து, அங்கிருந்த பதினாறு துளை சாக்கெட்டில் ஸ்கேனரின் வயரைச் செருகினான். பழுதைச் சொல்ல வேண்டிய திரை இருட்டாகவே கிடந்தது.

"காரோட கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. வித்துடு."

"செத்த மூளையோட இவ்வளவு தூரம் எப்படி அத்தான் ஓடி வந்துச்சு?"

"பட்டறை வச்சிருக்கிறது நீயா, நானா?"

வில்மா கோபத்தோடு காருக்குள் உட்கார்ந்தாள். சிகரெட் லைட்டர் துளையில் சொருகியிருந்த போன் சார்ஜரும் ஒரு வாரமாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அத்தான், இந்த ஸ்கேனருக்கு ஏது கரண்ட்?"

"காரோட பாட்டரிதான். பதினாறாவது துளை வழியா..." பாதியில் நிறுத்திக்கொண்டான்.

சோதனை பல்பின் ஒரு முனையை காரின் உலோக பாடியில் தொட்டு, மறுமுனையை அந்தத் துளையில் வைத்தான். எரியவில்லை. ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தான். லைட்டருக்கும் சாக்கெட்டுக்கும் ஒரே ஃப்யூஸ், கருகியிருந்தது. புதியதைப் போட்டதும் திரை ஒளிர்ந்தது. மூன்றாம் சிலிண்டருக்குத் தீப்பொறி தரும் காயிலில்தான் கோளாறு.

வில்மா சிரித்தாள். நிக்கானோர் சிரிக்கவில்லை. பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"பெரியவர் எவுசேபியோ காருக்கும் இப்படித்தான் செத்துப்போச்சுன்னு சொன்னேன். மூணு மாசமாச்சு."

"இந்த பல்பை வச்சுப் பார்க்கலையா?"

"இல்லை."

பிறகு அவனே ஸ்கேனரையும் கருவிப்பையையும் எடுத்துக்கொண்டு எழுந்தான். வில்மாவும் கூடப் போனாள்.

கிழவர் எவுசேபியோவின் முற்றத்தில் அந்தக் கார் நின்றிருந்தது. பின் சீட்டில் ஒரு கூடைக்குள் கோழி அடைகாத்தது.

"முட்டை இருக்கு, பார்த்து" என்றார் கிழவர்.

அங்கேயும் ஃப்யூஸ்தான் கருகியிருந்தது. அதை மாற்றியதும் திரை பேசியது: எஞ்சின் சுழல்வதைக் கவனிக்கும் கட்டைவிரலளவு சென்சார் ஒன்று பழுது; அது இல்லாமல் எஞ்சின் கிளம்பாது.

"அப்போ மூணு மாசமா இது பேசாம இருந்துச்சா, நீ கேக்காம இருந்தியா?"

"நான்தான் சரியாக் கேக்கலை, பெரியவரே."

கிழவர் வேலிப்பக்கம் பார்த்தபடி நின்றார். அத்தனை நாளும் அவர் சந்தைக்கு நடந்தே போய்வந்தது ஊருக்கே தெரியும்.

மறுநாள் பிற்பகல் நிக்கானோர் புது சென்சாரை மாட்டினான். கோழியைக் கூடையோடு தூக்கி நிழலில் வைத்தாள் வில்மா. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இருமிவிட்டுக் கிளம்பியது. கிழவர் முன் கதவைத் திறந்து நிக்கானோரைப் பார்த்தார்.

"ஏறு. ஏரிவரைக்கும் போய்ட்டு வரலாம்."