உப்பு டப்பாவும் ஒரு ‘ம்ஹூ’மும்

மாரடைப்பு வந்து போனதிலிருந்து அத்தானுக்கு உப்பின்மேல் தீராத காதல். டாக்டர் குறைக்கச் சொன்னதால் வந்த காதல்தான் அது. இதய நோயாளிகளின் ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைத் தேடும் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மைத்துனி, அன்று அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள்.

“நாள் முழுக்க அப்படி என்னதாம்மா தேடுற?” என்று அத்தான் சூப்பைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இருந்தாலும் சொன்னாள். “செல்லுக்குள்ள ‘இதைச் செய், அதைச் செய்’னு சேதி போயிட்டே இருக்கும் அத்தான். நான் தேடுறது இத்தனூண்டு இழை. அது சேதிமேல போய் ஒட்டிக்கிட்டு வாயை அடைச்சிடும். அப்புறம் அந்த வேலை நடக்காது.”

“அவ்ளோ பெரிய சேதியை இத்தனூண்டு அடக்கிடுமா? சும்மா அளக்காத!” சிரித்தபடி அவர் உப்பு டப்பாவை நோக்கிக் கையை நீட்டினார்.

அடுப்பைப் பார்த்து நின்ற அக்கா திரும்பக்கூட இல்லை. “ம்ஹூம்” என்றாள்.

நீட்டிய கை சுட்டுக்கொண்டதைப் போல மடிக்குத் திரும்பியது.

மைத்துனிக்கு மனசு குளிர்ந்தது. வருஷக்கணக்கில் தேடிய உதாரணம் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தது. “இப்பப் புரிஞ்சுதா?”

“நல்லாவே. சரி, அது ரொம்ப அதிகமானா?”

“அதுவும் ஆபத்துதான். இதயத்துக்கு வேண்டிய நல்ல சேதியும் அடங்கிப்போயிடும்.”

அத்தானின் முகம் மலர்ந்தது. அடுப்படிப் பக்கம் திரும்பி, “கேட்டியா? அதிகமானா ஆபத்தாம்! உன் தங்கச்சியே சொல்றா!” என்று குரலை உயர்த்தினார்.

“ம்ஹூம்” என்றாள் அக்கா.

அத்தான் உப்பில்லாத சூப்பை ஸ்பூனால் அள்ளிக் குடித்தார்.