தனக்கொடி பை வாங்கியது, இதுவரை

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காந்தி வீதிச் சந்தையில் கிடைத்தது. தலையணை உறை வாங்கப் போயிருந்தேன். நடைபாதையில் பைகளைக் குவித்து வைத்திருந்த ஒரு கடையின் முன்னால், ஐம்பதைத் தாண்டிய ஒருவர் பட்டாளத்துப் பச்சையில் இருந்த பெரிய முதுகுப்பை ஒன்றை உள்புறம் வெளியே வரும்படி புரட்டி, தையலைக் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பெண், "தூக்கப் போறது நானு. கொஞ்சம் என்கிட்ட குடுக்கிறீங்களா?" என்றாள்.

நான் கேட்டது அவ்வளவுதான். அவர்களுடைய பெயர், வேலை, அப்புறம் நடந்தது எல்லாம் நானாக வைத்தவை. தலையணை உறை வாங்காமலே வீட்டுக்கு வந்து, இப்படித் தொடங்கினேன்:

"பெஞ்சமேன் அந்தப் பையைத் தொட்டதும், பாலைவனத்து மணல் அவர் விரல்களுக்கிடையே மறுபடியும்—"

[வேண்டாம். பட்டாளத்தில் இருந்து வந்தவர் பச்சைத் துணியைத் தொட்டால் உடனே குண்டுச் சத்தம் கேட்டாக வேண்டும் என்று யார் சொன்னது?]

அடுத்த தொடக்கம்: "தனக்கொடிக்கு ஒரு பை தேவைப்பட்டது." இது நிற்கிறது. இதிலிருந்தே போகலாம்.

2

தனக்கொடிக்கு ஒரு பை தேவைப்பட்டது. வயது நாற்பத்தொன்று. வில்லியனூருக்கு அந்தப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். கல்யாணம், சாவு, பிரசவம் இந்த மூன்றைத் தவிர வேறு எதற்காகவும் அவள் வெளியூரில் ராத்தங்கியதில்லை.

அதே கம்பெனியில் அதிகாரியாக இருந்த விஜயராகவன், மாதம் ஒரு முறை சிலரைச் சேர்த்துக்கொண்டு மலையேறப் போவார். சனிக்கிழமை கிளம்பி, மேலே கூடாரம் போட்டுத் தங்கி, ஞாயிறு திரும்பிவிடுவார்கள். இந்த முறை ஜவ்வாது மலை. தனக்கொடி தன் பெயரையும் கொடுத்தாள்.

ஏன் கொடுத்தாள்? பிள்ளை இல்லாத ஏக்கம் என்று எழுதினேன். அடித்தேன். வேலைச் சலிப்பு என்று எழுதினேன். அதையும் அடித்தேன். சாப்பாட்டு நேரத்தில் விஜயராகவன் போனில் ஒரு படம் காட்டினார். மலை விளிம்பில் சின்னக் கூடாரம். அதன் வாசலில் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு. அந்தச் செருப்பு தன்னுடையதாக இருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு பெண் மலையேற இந்தக் காரணம் போதும்.

அவளுடைய வீட்டுக்காரர் பெஞ்சமேன். தெருவில் அவருக்குப் பெயர் சொல்தா.* அவரைச் சொல்தா என்று கூப்பிடுகிறவர்கள், அவர் ஆப்பிரிக்காவில் சண்டை போட்டார் என்று தாங்களாகவே முடிவுசெய்து வைத்திருந்தார்கள். உண்மையில், அவர் தம் சர்வீஸ் முழுவதும் பிரான்சில், ஒரு பட்டாளத்துக் குடோனில் வேலை பார்த்தார். பூட்ஸ், போர்வை, தண்ணீர்க் குடுவை, பை. இவற்றைக் கணக்குப் பார்த்து எடுத்துக் கொடுக்கிற வேலை. இதை அவர் தனக்கொடியிடம் மறைக்கவில்லை. இருவருக்கும் வயது ஏறிய பிறகு நடந்த கல்யாணம். பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார். "நான் சுட்டதெல்லாம் அட்டையிலதான், ட்ரெய்னிங்ல." அவள் சிரித்தாள். தெருவுக்கு அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

* பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சொல்கிறபோது குரலில் கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் பொறாமை, இரண்டும் இருக்கும்.

3

இனி பை. மலையேறுகிறவர்களுக்கென்று நல்ல கம்பெனிகள் செய்கிற பைகளைத் தனக்கொடி போனில் பார்த்தாள். விலையைப் பார்த்ததும் மூடிவைத்தாள். அதற்குக் கீழே, அதே அளவில், பட்டாளத்துப் பை மாதிரி செய்தவை வரிசையாக வந்தன. நிறையப் பாக்கெட், சாமான் தொங்கவிட வெளியே வரிவரியாய்ப் பட்டை, தடித்த துணி, கையில் இருக்கிற காசுக்கு அடங்குகிற விலை. ஆனால் போட்டுப் பார்க்காமல் பை வாங்க அவள் தயாராக இல்லை. செருப்பையே அவள் அப்படி வாங்கியதில்லை. ஆகவே ஞாயிற்றுச் சந்தை.

கடைக்காரர் சின்னக்கண்ணு ஆளைப் பார்த்ததுமே பேச்சைப் பெஞ்சமேன் பக்கம் திருப்பிவிட்டார்.

"சார் பட்டாளமா? பாத்தாலே தெரியுது. இது ஒரிஜினல் மிலிட்டரி சார்."

"ஒரிஜினல் இல்ல" என்றார் பெஞ்சமேன், பையைப் புரட்டியபடியே. "இந்த வரிப்பட்டைய பாரு. ஓரத்துல மட்டும் தச்சிருக்கான். எதனா மாட்டுனா பிச்சிக்கும். சும்மா அழகுக்கு."

"அப்ப இது?"

"ஜிப்பு சரியில்ல."

"இது?"

"தோள்ல மாட்டுற பட்டைக்கு அடில ஒத்தத் தையல்."

ஒவ்வொரு பையும் அவர் கைக்குப் போய்த் தோற்றுத் திரும்பியது. வேடிக்கை பார்க்க ஆள் கூடியது. அவருடைய குரலும் கொஞ்சம் உயர்ந்தது. தனக்கொடி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவள், நான் கேட்ட அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

அவர் கொடுத்தார். அவள் அதை மாட்டிப் பார்த்தாள். அது இடுப்புக்குக் கீழே தொங்கியது. குவியலில் தேடி, அதைவிடச் சின்னதாக, மங்கிய பச்சையில் ஒன்றை எடுத்தாள். "இதுக்குள்ள எதனா வெயிட்டு போடுங்கண்ணா" என்றாள். சின்னக்கண்ணு வேறு வழியில்லாமல், தார்ப்பாய் பறக்காமல் இருக்க வைத்திருந்த செங்கற்களை எடுத்துத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். அவள் மாட்டி, இடுப்புப் பட்டையை இறுக்கி, பழக்கடை வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தாள். பை முதுகோடு ஒட்டி நின்றது. பாரம் தோளில் இழுக்காமல் இடுப்பில் உட்கார்ந்தது.

"இதான்" என்றாள்.

"தையலு சுமாருதான்" என்றார் பெஞ்சமேன்.

"என் முதுகுக்கு சரியா இருக்குதுங்க. தையல் போனா தச்சிக்கலாம்."

[பை வாங்குவது பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவே: துணியையும் ஜிப்பையும் எல்லோரும் பார்ப்பார்கள்; பாரத்தை உள்ளே போட்டு நடந்து பார்ப்பவர்கள் குறைவு. இதைக் கட்டுரையாக எழுதியிருந்தால் இங்கேயே முடித்துக்கொண்டு போயிருப்பேன்.]

4

இந்த இடத்தில் எனக்குப் பெஞ்சமேனைப் பிடிக்காமல் போனது. ஏனென்றால், தனக்கொடியின் வீட்டுக்காரர் சொல்தா என்று தெரிந்ததும் விஜயராகவன் அவருக்குப் போன் செய்தார். "சார், நீங்களும் வரணும். உங்கள மாதிரி ஆளு முன்னால நடந்தா எங்களுக்குத் தைரியம். சாயங்காலம் உங்க அனுபவத்த ஒரு பத்து நிமிஷம் பேசணும்." பெஞ்சமேன் மறுத்திருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது, "பாக்கலாம். வரேன்."

தனக்கொடிக்குச் சுருக்கென்றது. அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "வாங்க" என்றாள். அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் இப்போது ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றுகொண்டது.

அவர் தமக்கும் ஒரு பை வாங்கினார். பெரியது, இரட்டைத் தையல் போட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பினார். கம்பளி, மாற்று பூட்ஸ், மழைக்கோட்டு, மடக்கு மண்வெட்டி, தண்ணீர், மத்தி மீன் டின்கள், ஸ்டவ், கயிறு. எதற்குமேல் எதை வைப்பது என்று யோசிக்கவே இல்லை. அவர் கைக்கே தெரிந்திருந்தது.

"ஒரு ராத்திரிக்கு இவ்ளோவா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குது. ஆளுக்கு இவ்ளோன்னு வெச்சிருக்காங்க."

"நமக்கு யாரு வெச்சாங்க?"

அவர் ஜிப்பை இழுத்து மூடினார்.

[அவர் ஆசையையும் நான் கொஞ்சம் பார்க்க வேண்டும். சர்வீஸ் முழுவதும் மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தவர். அவர்களோடு வெளியே போனதே இல்லை. இதை எழுதிய பிறகு கோபம் பாதி இறங்கியது.]

5

மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே வேன் நின்றது. விஜயராகவன் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து, பெஞ்சமேனை முன்னால் விட்டார். முதல் ஏற்றம் வரைக்கும் அவர் நன்றாகவே நடந்தார். நிமிர்ந்த முதுகு. பின்னால் வந்த இளவட்டங்கள் அவரைப் போட்டோ எடுத்தார்கள்.

ஏற்றம் செங்குத்தானதும் அவர் நடுவில் வந்துவிட்டார். அதற்கு அடுத்த திருப்பத்தில் கடைசியில் இருந்தார். தனக்கொடி முதலில் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு நடை பழகிவிட்டிருந்தது. மூச்சும் காலும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. காற்றில் ஏதோ பூ வாசனை. யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு காலமாகிவிட்டது, யாரும் எதுவும் கேட்காமல் இருந்து என்று நினைத்தாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். பாதை காலியாக இருந்தது.

"நீங்க போங்க சார், நான் அவர இட்டுக்கினு வரேன்" என்று விஜயராகவனிடம் சொல்லிவிட்டு இறங்கினாள்.

6

அவர் ஒரு பாறையில் குந்தியிருந்தார். பை கீழே கிடந்தது. சட்டையைத் தோளிலிருந்து தள்ளியிருந்தார். பட்டை அழுந்திய இடம் இரண்டு பக்கமும் சிவந்து தடித்திருந்தது.

"இன்னாங்க, மூச்சு வாங்குதா?"

"மூச்சில்ல. தோளு." பையைப் பார்த்தார். "இவ்ளோ வெயிட்டுன்னு எனக்குத் தெரியாது மாலை. நெஜமா தெரியாது."

[மாலை: தனக்கொடியை அவர் தனியாக இருக்கும்போது கூப்பிடும் பெயர். காரணம் எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.]

"நீங்கதான கட்டுனீங்க?"

"கட்டத் தெரியும். தூக்கனதில்ல. கவுன்ட்டர்ல வெப்பேன். பசங்க வருவானுங்க. கையெழுத்து போடுவான், தூக்குவான், போவான். சில பேரு தூக்கிப் பாத்துட்டு, ரொம்ப வெயிட்டா இருக்குது சார்னு சொல்லுவானுங்க. சின்னச் சின்னப் பசங்க."

"நீங்க இன்னா சொல்லுவீங்க?"

"சுய்வான்."

அவளுக்கு அந்தச் சொல் தெரியும். பென்ஷன் வேலையாக அவரோடு போன இடங்களில் வரிசையில் நின்று கேட்டிருக்கிறாள். அடுத்த ஆள் வா என்று அர்த்தம்.

"அதத்தான் சொல்லுவேன். ஒரு தடவகூட நான் அத மாட்டிப் பாத்ததில்ல."

[இங்கே அவரை அழ வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அவர் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.]

தனக்கொடி அவருடைய பையைத் திறந்தாள். ஒரு மத்தி டின்னை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் திறந்தார். அவள் கொண்டுவந்த ரொட்டியோடு இருவரும் பாதையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேலே இருந்து விஜயராகவனின் குரல் வந்தது. "சார்! எல்லாம் ஓகேவா?"

"நீ போ" என்றார் பெஞ்சமேன். "நான் கீழ அந்த ஊர்ல குந்தியிருக்கேன். சாயங்காலம் பேச வேற சொல்லியிருக்கான். நான் இன்னாத்த பேசறது?"

"இப்ப என்கிட்ட சொன்னத சொல்லுங்க."

"அத எப்படி சொல்றது? சண்ட போட்ட சொல்தான்னு நெனச்சிக்கினு இருக்காங்க."

"சொல்தா சொன்னாதான் அத நாலு பேரு கேப்பாங்க" என்றாள்.

7

இதற்கு மேல் மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில், தனக்கொடி அவரோடு கீழே இறங்கிவிடுகிறாள். அடிவாரத்து டீக்கடையில் இருவரும் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். படிப்பவர்களுக்குப் பிடிக்கும். தனக்கொடிக்குப் பிடிக்காது.

இன்னொன்றில், அவர் மேலே போய் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்கிறார். கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டல் அவர்களுடையது இல்லை, என்னுடையது. அழித்தேன்.

மூன்றாவதில், அவர் மேலே போய், பார்க்காத சண்டையைப் பார்த்ததுபோலப் பேசுகிறார். அவள் குனிந்து தரையைப் பார்க்கிறாள். எழுதும்போது எனக்கே கோபம் வந்தது. ஆனால் அவர் அப்படியும் செய்யக்கூடியவர்தான். அதனால்தான் அதை முழுதாக அழிக்க மனம் வராமல்—

எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அவள் அவருடைய பையிலிருந்து மண்வெட்டி, கம்பளி, மாற்று பூட்ஸ் எல்லாவற்றையும் எடுத்து ஒரு புதர் ஓரமாக அடுக்கி, மேலே மழைக்கோட்டைப் போர்த்தி வைத்தாள். கிட்டத்தட்டக் காலியான பையை அவர் பக்கம் நகர்த்தினாள். கையைத் துடைத்தாள். தன்னுடையதை எடுத்து மாட்டினாள்.

"வரீங்களா?" என்றாள்.

அவர் என்ன செய்தார் என்பதை உங்களிடம் விடுகிறேன். எழுந்து அவளோடு ஏறினார் என்று வைத்துக்கொள்ளலாம், கீழே இறங்கினார் என்றும் வைத்துக்கொள்ளலாம், இரண்டுக்கும் அந்தப் பாறையில் இடமிருக்கிறது. அவளை மட்டும் மறுபடி உட்கார வைத்துவிடாதீர்கள். அவள் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு, ஒரு காலை மேலே எடுத்து வைத்துவிட்டாள்.