தாரைச் சட்டி

வெங்கடசாமி சொம்புத் தண்ணீரைச் சட்டிக்குள் ஊற்றினார். ஊற்றிய வேகத்திலேயே அது அடிவழியாக ஒழுகி அவர் வேட்டியை நனைத்தது.

"எவன்டா இவன் கூறு கெட்டவன்? சுடுகாட்டுல சுத்தி வரும்போது போடற ஓட்டைய இப்பவே போட்டு வச்சிருக்கான்!"

பந்தலில் இரண்டு பேர் சிரித்தேவிட்டார்கள். சுஜாதா மட்டும் சட்டியையே பார்த்தாள். இறந்த தம்பி திம்மராயனுக்குக் கொள்ளிக்குடம் தேடிய பெரியவர், புதுச்சட்டியாக இருக்கிறதே என்று பரணிலிருந்து இறக்கியது அவளுடைய தாரைச் சட்டி.

பாகலூர் ரோட்டு வைத்தியசாலையில், படுத்திருப்பவர் நெற்றிக்கு மேலே சட்டியைத் தொங்கவிட்டு, அடித்துளையில் திரி கோத்து, எண்ணெயைத் தாரையாக விடுவது அவள் வேலை. "கண்டவங்க தலையத் தொடற வேலை" என்று மாமனார் திம்மராயன் வெகுநாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. நைட் ஷிஃப்ட் பார்த்தே தூக்கத்தைத் தொலைத்த மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் சட்டியில் அவருக்கு ஊற்றினாள். குறட்டை தெருமுனைவரை கேட்டது. போன வாரம் அவரே குயவரிடம் சொல்லி இதைச் செய்து வாங்கிவந்தார். "இரவல் எதுக்கு? வீட்டுலயே நாலு பேருக்கு ஊத்தும்மா." இன்று விடியலில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

"மெழுகு வச்சு அடைங்கடா, நேரமாவுது" என்றார் வெங்கடசாமி.

மாமனாரைக் கிடத்தி வைத்திருக்கும்போது ஒரு சட்டிக்காக மருமகள் வாய் திறப்பதா? சுஜாதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலையிலிருந்து பேசாத மாமியார் மாதேஸ்வரி நிமிர்ந்தாள்.

"அத வைங்க மாமா. அது அவரு தூங்கறதுக்குச் செஞ்சது. ஒடைக்க வேற வாங்கியாரச் சொல்லுங்க."

"சாவுக்கு எடுத்தத மறுபடி வீட்டுல சேப்பாங்களா?"

"நான் சேத்துக்கறேன்."

யாரோ ஒருவர் வேறு குடம் வாங்க மூக்கண்டப்பள்ளிக்கு பைக்கை விரட்டினார்.

ஆண்கள் பாடையோடு போனபின், பெண்கள் வீட்டைக் கழுவித் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். சுஜாதா ஈரச்சட்டியை மதில்மேல் கவிழ்த்தாள். மாதேஸ்வரி ஈரத்தலையோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஈரம் போவுமா?"

"நல்ல வெயில் பட்டா போயிடும் அத்தை."

"காரியம் முடியறவரைக்கும் எண்ண தொடக்கூடாது. முடிஞ்சதும் எனக்கு ஊத்து. அப்புறம் எதிர்வூட்டு ராசாத்திக்கு. அவளும் நைட் ஷிஃப்ட்தான்."

பக்கத்துக் கம்பெனி ஷெட்டின் நிழல் மதிலில் ஏறிக்கொண்டிருந்தது. மாதேஸ்வரி சட்டியை எடுத்து, வெயில் இருந்த பக்கமாக நகர்த்தி வைத்தாள்.