கிச்சிலித் தோல்

கப்பல் வராத வருஷம் அது. உலகமெங்கும் சண்டை. சீமையிலிருந்து செவில் என்னும் கசப்பு ஆரஞ்சு டப்பா வந்து எட்டு மாதமாகிவிட்டது. கர்னல் துரைக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. காலை ரொட்டியில் தடவ அந்த ஆரஞ்சுத் தோலில் காய்ச்சிய சரியான மார்மலேட் வேண்டும், இல்லாவிட்டால் வேறு சமையல்காரன் வேண்டும். நான்கு மாதத்தில் இரண்டு பேரை விரட்டியிருந்தார். இருவருக்கும் நற்சான்றுச் சீட்டு தரவில்லை. சீட்டு இல்லாதவனைக் கன்டோன்மென்ட்டில் எந்த பங்களாவும் அடுப்படிக்குள் விடாது.

மூன்றாவதாக வந்தவன் தியோடர். மர்பி டவுனில் ஒற்றை அறை, மனைவி யூனிஸ், நான்கு வயது மகள் மௌரீன்.

முதலில் குடகுக் கமலாவைப் போட்டுப் பார்த்தான். வாசனை தூக்கியது, ஆனால் மெல்லிய தோலில் கசப்பில்லை, பாகும் உறையவில்லை. சாத்துக்குடி வெறும் சர்க்கரைத் தண்ணீராக நின்றது. நாரத்தையை வைத்தபோது துரை ஒரு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டார்.

"சண்டே லாஸ்ட் சான்ஸ், பாய்."

கிச்சிலிதான் சரி. அதே கசப்பு, அதே தடித்த தோல். மார்க்கெட்டில் தேடிக் கிடைக்கவில்லை. பங்களாவின் பின்பக்கம் ஒரே ஒரு மரம் காய்த்துத் தொங்கியது. சனிக்கிழமை மத்தியானம் அவன் கூடையோடு போனபோது தோட்டக்காரன் முனியப்பா குறுக்கே வந்து நின்றான்.

"பேடா, வேண்டாம் அண்ணா, அதுல கை வைக்காதே. முந்தாநேத்துதான் வெள்ளை மருந்து அடிச்சேன். பூச்சிக்கு அடிக்கிறது. போன வருஷம் கீழே விழுந்ததை நக்கின நாய் சாயங்காலமே போச்சு."

"கழுவிட்டா போச்சு. நாய் என்ன கழுவியா தின்னுது?"

"உன் நாக்கு உன் இஷ்டம்."

"என் நாக்கு இல்லடா, துரை நாக்கு," என்று சிரித்தான் தியோடர். முனியப்பா சிரிக்கவில்லை.

பன்னிரண்டு பழங்கள். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தான். காம்புக் குழியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினான். மற்ற ஆரஞ்சில் தோலை எறிந்துவிட்டுச் சுளையைத் தின்பார்கள். இதில் தோலைத்தான் தின்பார்கள். அது அவனுக்குத் தெரியாமல் இல்லை. தோலைச் சீவி ஊறப்போட்டான். விடியற்காலையில் ஊறல் தண்ணீரைக் கொட்டிவிடலாமா என்று பாத்திரத்தைச் சரித்தான். கொட்டினால் கசப்பும் போய்விடும், பாகும் உறையாது. பாத்திரத்தை நிமிர்த்தி அடுப்பில் ஏற்றினான்.

நுரை பொங்கியது. கரண்டியால் வழித்துப் பீங்கான் கிண்ணத்தில் போட்டான். மார்மலேட் நுரை சமையல்காரனுக்குச் சேர வேண்டியது, எல்லா பங்களாவிலும் அதுதான் வழக்கம். இன்று மட்டும் சாக்கடையில் கொட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மேஜை மணி அடித்தது. ஜாடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஓடினான்.

துரை தடவினார், கடித்தார், கண்ணை மூடினார். மறுபடி தடவினார்.

"செவில்! எங்கே கிடைத்தது?"

"பழைய டப்பா ஒண்ணு இருந்தது, சார்."

"குட் மேன். சீட்டைப் பற்றிப் பயப்படாதே."

மூன்றாம் முறையும் தடவினார். தியோடர் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுப்படிக்குத் திரும்பியபோது கிண்ணம் இல்லை.

"யூனிஸ் அக்கா வந்தாங்க," என்றான் வாசலில் விறகு போட்டுக்கொண்டிருந்த முனியப்பா. "கோயில் முடிஞ்சு வந்து எப்பவும்போல எடுத்துட்டுப் போனாங்க. நீ உள்ளே இருந்தே." அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. "அதுவா அது?"

தியோடர் அல்சூர் ஏரிக்கரை வழியாகச் செருப்பில்லாமல் ஓடினான். மௌரீன் வாசற்படியில் உட்கார்ந்து கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தாள். உதட்டைச் சுற்றிப் பாகு.

"கசக்குதுப்பா. ஆனா நல்லாருக்கு."

"நீ தின்னியா?" என்று யூனிஸைப் பார்த்துக் கத்தினான்.

"ஏங்க, புள்ளை விட்டாத்தானே! என்ன ஆச்சு உங்களுக்கு?"

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அவன் சட்டை முதுகெல்லாம் அவள் வாந்தி. கம்பவுண்டர் உப்புத் தண்ணீரைக் கலக்கியபடியே கேட்டார்:

"எதைத் தின்னுச்சு? நேரா சொல்லு, அப்பத்தான் மருந்து குடுக்க முடியும்."

தியோடர் சொன்னான். மரம், மருந்து, கொட்டாத தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னான்.

கம்பவுண்டர் கரண்டியை நிறுத்தினார். "வேற யாராவது சாப்பிட்டாங்களா?"

மௌரீனின் கை அவன் கழுத்தில் குளிர்ந்து கிடந்தது.

"கர்னல் துரை," என்றான் தியோடர். "மூணு தடவை."